தாமதமே செய்யாத வாசகி

பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பிள்ளை இல்லாமல் போவதற்கு இரண்டே வழிகள்தான் உண்டு என்று அந்தக் கணினி நம்பியது. டி.சி. வாங்கிக்கொண்டு வேறு பள்ளிக்குப் போவது ஒன்று. பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டுப் போவது இன்னொன்று. மூன்றாவதாகவும் ஒரு வழி இருப்பதை அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லியிருக்க வேண்டியவர் நூலகர் வெள்ளியங்கிரி. அவர் சொல்லவில்லை.

உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, காற்றாலைகளுக்கு நடுவில் இருந்தது அந்த மேல்நிலைப் பள்ளி. ஆடி மாதம் முழுக்க நூலகத்தின் ஜன்னலைத் திறக்க முடியாது. திறந்தால் மேசைமேல் இருக்கும் அட்டைகள் பக்கத்துத் தென்னந்தோப்பில் போய் விழும். பிள்ளைக்கு ஓர் அட்டை, புத்தகத்துக்கு ஓர் அட்டை என்று பணியில் சேர்ந்த நாள்முதல் அவர் கட்டி மேய்த்துவந்த அட்டைகள் அவை. ஓய்வு பெறச் சில ஆண்டுகளே மிச்சமிருந்தபோது நிர்வாகம் ‘அடுக்கு’ என்ற மென்பொருளை வாங்கிப் போட்டது. சொல்லிக்கொடுக்கக் கோயமுத்தூரிலிருந்து ஜெனிபர் என்ற இளம்பெண் வந்தாள்.

“அட்டையெல்லாம் இனிமே வேண்டாங்க சார். எல்லாம் வலைத்தளத்துல இருக்கும். நீங்க வீட்டுல இருந்துகூடப் பாத்துக்கலாம்.”

“வீட்டுல இருந்து பாக்கறதுக்கு என்னம்மா இருக்குது? புஸ்தகம் இங்கல்ல இருக்குது?”

“அதுதாங்க சார் இல்லை. புஸ்தகமும் பாதி இங்க இருக்காது.”

தாலுகாவில் உள்ள எல்லாப் பள்ளிகளுக்கும் சேர்த்து ஒரே கிடங்கு என்று அவள் விளக்கினாள். மாதம் ஒருமுறை வண்டி வரும். கேட்ட புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் படித்த புத்தகத்தை எடுத்துப் போகும்.

“கேட்ட புஸ்தகம்னா பிள்ளைங்க கேக்கோணும்னுகூட இல்லீங்க சார். அடுத்து என்ன வேணும்னு ‘அடுக்கு’ முன்னாடியே கணிச்சு வரவழைச்சிரும். அதுக்காக ஒவ்வொரு பேருக்கும் கம்ப்யூட்டருக்குள்ள ஒரு நிழல் வாசகர் இருக்கும்.”

“நிழலா?”

“இப்ப ஒரு பையன் இருக்கறான்னு வைங்க. அவன் இதுவரைக்கும் எடுத்தது, பாதியில திருப்பிக் குடுத்தது, மறுக்கா எடுத்தது, எல்லாத்தையும் வெச்சு அவனாட்டமே ஒண்ணு உள்ள உக்காந்து படிச்சுட்டே இருக்கும். அவன் கொஞ்ச நாள் வரலைன்னாலும் அது பாட்டுக்குப் படிச்சுட்டிருக்கும். அவன் திரும்பி வர்றப்ப என்ன கேப்பான்னு தெரியோணுமில்லீங்களா?”

“திரும்பி வரவே இல்லைன்னா?”

“டி.சி. வாங்கிட்டான்னு நீங்க போட்டுட்டீங்கன்னா நின்னுரும் சார்.”

வெள்ளியங்கிரி சுலபமாகக் கற்றுக்கொண்டார். ஜெனிபரே ஆச்சரியப்படும்படி தேடுபொறியில் நாலு விதமாகத் தேடினார். புத்தகங்களின் முதுகில் பார்கோடுச் சீட்டுகளைக் கோணாமல் ஒட்டினார். பழைய அட்டைகளை எல்லாம் அந்தக் கோடை விடுமுறையில் ஒன்று விடாமல் கணினியில் ஏற்றினார். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ‘நிலை’ என்று ஒரு கட்டம் இருந்தது. தொட்டால் இரண்டு சொற்கள் விரியும்: ‘படிக்கிறார்’, ‘டி.சி. பெற்றார்’.

அப்படி ஏற்றிக்கொண்டு வரும்போது ஒருநாள் கைக்கு வந்தது சங்கமித்ராவின் அட்டை. அவருடைய ஒரே மகள். வீட்டில் மித்து. இதே பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கும்போது ஐப்பசி மழைக்காலத்துக் காய்ச்சலில் போய்விட்டாள். பள்ளிக்கு ஒரு நாள் விடுமுறை விட்டார்கள். வகுப்பாசிரியை வருகைப் பதிவேட்டில் அவள் பெயரின்மேல் சிவப்பு மையால் கோடு போட்டுவிட்டு, அன்று முழுக்க வேறு எதையும் எழுதவில்லை என்று சொன்னார்கள். டி.சி.யை யாரும் கேட்கவில்லை, யாரும் எழுதவுமில்லை. எந்தப் பள்ளிக்கு என்று எழுதுவது?

ஆகவே ‘டி.சி. பெற்றார்’ என்பது பொய். ‘படிக்கிறார்’ என்பதும் பொய்தான். இரண்டு பொய்களில் ஒன்றைத் தொடு என்றால் எந்தத் தகப்பனின் விரல் எங்கே போகும்? போயிற்று.

ஆனியில் முதல் வண்டி வந்தது. ஓட்டுநர் இல்லாத வண்டி. வாயிற்காவலர் மயில்சாமிக்கு அது பொறுக்கவில்லை. “வா வா வா, ஒடிச்சு வா, நேரா வா” என்று மாட்டை ஓட்டி வருவதுபோல் அதற்கு வழி சொல்லி உள்ளே கூட்டிவந்தார். பெட்டியைத் திறந்து வெள்ளியங்கிரி புத்தகங்களை எடுத்து அடுக்கினார். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. அதில் பிள்ளையின் பெயரும் வகுப்பும். பாதிப் பெட்டி காலியானபோது ஒரு சீட்டு ‘சங்கமித்ரா வெ., எட்டு ஆ’ என்றது.

மண்ணுக்கு அடியில் வாழும் உயிர்களைப் பற்றிய படப்புத்தகம் அது. எறும்புப் புற்றைப் பற்றி அவள் ஒரு புத்தகத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப் போனது அவருக்கு நினைவு வந்தது.  பொழுதோடு கிளம்பும்போது அதைச் சாப்பாட்டுத் தூக்குப் போசிக்கு அடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார்.

மனைவி வசந்தாமணி போசியை எடுக்கும்போது சீட்டைப் பார்த்துவிட்டாள்.

“என்னுங்க இது?”

ஜெனிபர் சொன்னதை அவர் அப்படியே சொன்னார். நிழல், கணிப்பு, கிடங்கு, வண்டி. அவள் முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே கேட்டாள். அழுவாள் என்று நினைத்தார். கோபப்படுவாள் என்றும் நினைத்தார்.

“அப்ப அவ எட்டாவது போயிட்டாளா?” என்று மட்டும் கேட்டாள்.

அதற்குப் பிறகு பள்ளிக்கு வண்டி வரும் நாளில் அவள் வீட்டு வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது வழக்கமாயிற்று. அவர் தன் ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள் கேட்டுவிடுவாள். “என்ன எடுத்திருக்கறா?” மலை ரயில் எப்படி ஏறுகிறது என்று ஒரு மாதம். பேய்க்கதை ஒரு மாதம். எஞ்சின் இல்லாத விமானத்தில் பறந்த பெண்களைப் பற்றி ஒரு மாதம். சாப்பாடு முடிந்ததும் அவர் வாசிப்பார், அவள் கேட்பாள். மகள் இறந்தபிறகு அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் பேச விஷயம் இல்லாமல் போயிருந்தது. இப்போது இருந்தது.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு காதல் கதை வந்தது. இரண்டாவது பக்கத்திலேயே வசந்தாமணி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“இந்தக் கழுதைக்கு இந்த வயசுல இதெல்லாம் எதுக்குங்க? லைப்ரரியில உக்காந்துட்டு நீங்க என்னத்தைப் பாக்கறீங்க?”

“அவளா எடுத்ததுதான?”

“எடுத்தா? புடுங்கி வெக்கோணுமல்ல? செல்லம் குடுத்துக் கெடுத்ததே நீங்கதான்.”

சொன்னபிறகுதான் தான் யாரைப் பற்றிச் சண்டை போடுகிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவர் புத்தகத்தை மூடப் போனார். “படிங்க” என்றாள். கடைசிப் பக்கம்வரை கேட்டாள். “அந்தப் பையன் ஒண்ணும் மோசமில்லை” என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தாள்.

பத்தாம் வகுப்பில் அது நின்றது.

ஆனி வண்டியில் சங்கமித்ராவின் பெயரில் ஒன்றும் இல்லை. “பத்தாவதல்ல, பாடம் அதிகமா இருக்கும்” என்று வீட்டில் சொன்னார். ஆடி வண்டியிலும் இல்லை. ஆவணியில் வெறும் கையோடு அவர் வந்து நின்றபோது வசந்தாமணி அவர் முகத்தைப் பார்த்தாள்.

“ஒடம்புக்கு ஏதாச்சும்…” என்று ஆரம்பித்தாள். அப்படியே நிறுத்திவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலையில் அவர் ஜெனிபரைப் போனில் கூப்பிட்டார்.

“ஒரு வாசகிக்குப் புஸ்தகமே வர்றதில்லைம்மா. பத்தாவது படிக்கறா.”

“உங்க பத்தாவதுல வேற யாருக்காச்சும் வருதுங்களா சார்?”

திரையில் பார்த்தார். ஒருவருக்கும் இல்லை. அதை அவர் கவனித்ததேயில்லை.

“பத்தாவதுக்கு லைப்ரரி பீரியடு இருக்குதுங்களா?”

“டைம்டேபிள்ல இருக்குது. வெள்ளிக்கிழமை கடைசி பீரியடு. கணக்கு வாத்தியார் டெஸ்ட்டுக்கு எடுத்துக்குவாரு.”

“எப்ப இருந்து?”

“நான் சேந்ததுல இருந்து.”

“அப்ப ‘அடுக்கு’ சரியாத்தான் கத்துக்கிட்டிருக்குது சார். இந்தப் பள்ளிக்கூடத்துல பத்தாவது போனா யாரும் புஸ்தகம் தொடமாட்டாங்கன்னு அதுக்குத் தெரிஞ்சிருச்சு. நிழலுக்குத் தன்னோட பழக்கம் கொஞ்சம்தாங்க. கூடப் படிக்கறவங்களைப் பாத்துத்தான் மிச்சமெல்லாம். அவங்க நிறுத்துனா அதுவும் நிறுத்திரும்.”

“அவங்க படிச்சா?”

“அதுவும் படிக்கும்.” விசைப்பலகையைத் தட்டும் சத்தம் கேட்டது. “பேரு என்னங்க சார்? நான் இங்கிருந்தே பாக்கறேன். சங்கமித்ராங்களா… இந்தப் பொண்ணு பள்ளிக்கூடம் வர்றதில்லீங்களா சார்? எல்லா ரிட்டனும் உங்க லாகின்லயே விழுந்திருக்குது. சங்கமித்ரா வெ…”

அந்த எழுத்தில் அவள் குரல் நின்றது. 

“சார்,” என்றாள் ஜெனிபர் மெதுவாக. “நான் எதையும் பாக்கலீங்க சார். வெச்சர்றேன்.”

தலைமையாசிரியை ஞானாம்பிகையின் அறைக்கு அவர் போனபோது கணக்கு ஆசிரியர் பொன்னுச்சாமியும் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“வெள்ளிக்கிழமை கடைசி பீரியடு எனக்கு வேணுங்க மேடம்.”

“வீட்டுக்குச் சீக்கிரம் போகோணுங்களா?”

“இல்லீங்க. பத்தாவதுக்கு லைப்ரரி பீரியடு. அது என்னோடதுங்க.”

பொன்னுச்சாமி சிரித்தார். “ஏனுங்க வெள்ளியங்கிரி, இத்தனை வருசமா உங்க பீரியடையும் சேத்து நானே சொமந்துட்டிருக்கறேன். ஒரு நாளாச்சும் நன்றி சொல்லியிருப்பீங்களா?”

“இப்பச் சொல்றனுங்க. திருப்பிக் குடுத்துருங்க.”

“நூறு சதவீதம் ரிசல்ட்டுன்னா சும்மாங்களா? முக்கோணவியல் பாதியில நிக்குது.”

“திடீர்னு எதுக்குங்க?” என்று கேட்டார் தலைமையாசிரியை.

என்ன சொல்வது? பிள்ளைகளின் அறிவு, சிந்தனை, ஆளுமை என்று வழியெல்லாம் நல்ல வாக்கியங்களாகச் சேர்த்துக்கொண்டுதான் வந்திருந்தார். அந்த அறையில் நின்றபோது அவை ஒன்றும் வாயில் வரவில்லை.

“பத்தாவது போன புள்ளைங்க என்ன படிக்கறாங்கன்னே தெரிய மாட்டேங்குதுங்க மேடம்,” என்றார்.

பொன்னுச்சாமி மறுபடியும் சிரிக்கப் போனார். ஞானாம்பிகை சிரிக்கவில்லை. வெள்ளியங்கிரியின் மகள் இருந்திருந்தால் இப்போது எந்த வகுப்பு என்று அந்த அம்மாளுக்குத் தெரியும். எழுதுகோலை மூடி வைத்தார்.

“அரையாண்டு வரைக்கும் பாப்போம். மார்க் கொறஞ்சா பொன்னுச்சாமி சாருக்கே போயிரும்.”

முதல் வெள்ளிக்கிழமை, பத்தாம் வகுப்பின் இரண்டு பிரிவுகளும் நூலகத்துக்கு வந்து உட்கார்ந்தன. ஒரு பையன் எழுந்து, “சார், கொஸ்டின் பேப்பர் குடுக்கலீங்க” என்றான். கேள்வித்தாள் கிடையாது என்று தெரிந்ததும் பாதிப் பேர் மேசையில் தலைவைத்துத் தூங்கிவிட்டார்கள். அவர் எழுப்பவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மித்துவோடு ஏழாம் வகுப்பில் இருந்தவர்கள். பையன்களுக்குக் குரல் உடைந்திருந்தது. பெண்கள் நெற்றிப் பருவை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை உயரமா ஆகிவிடுவார்கள்? காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் தினமும் பார்த்த பிள்ளைகள்தான். இவ்வளவு நாளும் அவர்கள் முகத்தைத் தவிர்த்தே நடந்திருக்கிறார் என்பது அப்போதுதான் அவருக்கே புரிந்தது.

முதலில் எழுந்து அலமாரிக்குப் போனவள் ரிஸ்வானா. அப்பாவுக்குக் காற்றாலையில் வேலை கிடைத்து, அந்த ஆண்டுதான் பல்லடத்திலிருந்து வந்து ‘அ’ பிரிவில் சேர்ந்தவள். தடிமனாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு நாவலை எடுத்தாள். சரக்குக் கப்பலில் சமையல்காரியாகப் போன ஒரு பெண்ணின் கதை, இரண்டு பாகம். அந்த வாரம் பள்ளிப் பேருந்தில் அவள் வேறு எதையும் பேசவில்லை. ஏலக்காய் டப்பாவுக்குள் அந்தச் சமையல்காரி கடிதம் ஒளித்து வைத்த இடத்தைச் சொல்லிவிட்டு, மேலே சொல்ல மாட்டேன், நீங்களே படியுங்கள் என்றாளாம். அடுத்த வெள்ளிக்கிழமை தூங்கியவர்கள் குறைந்தார்கள்.

அதற்கடுத்த வண்டியில் முதல் பாகத்தின் இன்னொரு படி வந்தது. ‘சங்கமித்ரா வெ., பத்து ஆ.’

வசந்தாமணி சீட்டை விரலால் தடவினாள். “நல்லாத்தான் இருக்கறாளாட்ட,” என்றாள்.

அவ்வளவு வேகமாக அவர்கள் எந்தப் புத்தகத்தையும் முடித்ததில்லை. கப்பல் மூடுபனியில் வழிதவறி நிற்க, சமையல்காரிக்கு மட்டும் எங்கோ துடுப்புச் சத்தம் கேட்பதோடு பாகம் முடிந்தது. “கேட்டுதுங்களா? நெசமாவே கேட்டுதுங்களா?” என்று வசந்தாமணி அவரைப் பிடித்து உலுக்காத குறை. தோசை வார்க்கும்போதுகூட, “கரை பக்கத்துலதான் இருக்கோணும். இல்லாட்டி துடுப்பு எங்கிருந்து வரும்?” என்று தனக்குள் வழக்காடினாள்.

அடுத்த வண்டியில் இரண்டாம் பாகம் வந்தது. ஒரே ஒரு படி. சீட்டில் மித்துவின் பெயர். வீட்டுக்குக் கொண்டுபோவதற்காக அவர் அதை மேசை ஓரத்தில் எடுத்து வைத்தார். அன்று வெள்ளிக்கிழமை.

“சார், ரெண்டாம் பாகம் வந்திருச்சாமா?” ரிஸ்வானா மேசைமுன் வந்து நின்றாள்.

“வந்திருக்குது கண்ணு.”

“எனக்குத்தான மொதல்ல? எல்லாத்துக்கும் முன்னாடி படிச்சது நான்தான சார்?”

அவர் பதில் சொல்வதற்குள் எட்டித் திரையைப் பார்த்துவிட்டாள். அங்கே எழுதியிருந்ததைச் சத்தமாகப் படித்தாள். “முன்னுரிமை, சங்கமித்ரா வெ. காரணம், ஒருமுறைகூடத் தாமதம் செய்யாத வாசகி.” இடுப்பில் கை வைத்தாள். “நான் லேட்டாக் குடுத்தேன், ஒத்துக்கறேன். எங்க சாச்சா கல்யாணம். ஆனா ஒருக்காகூட லேட்டே ஆகாம ஒருத்தி இருக்க முடியுங்களா சார்? மனுசிதானா அவ?”

மேசைகளில் பேச்சு அடங்கியது. பின்னாலிருந்து ஒருத்தி அவள் துப்பட்டாவை இழுத்தாள்.

“ஏண்டி இழுக்கற? ஆ செக்ஷன்தான போட்டிருக்குது? இங்கதான எங்கயாச்சும் உக்காந்திருப்பா, நானே போயிக் கேட்டுக்கறேன் சார். நல்ல விதமாக் கேட்டா குடுக்காமயா போயிருவா?”

“நீ உக்காரு. நான் கேட்டுச் சொல்றேன்,” என்றார் வெள்ளியங்கிரி.

புத்தகத்தின் பெயருக்கு அருகே ‘ஏன் இது?’ என்று சிறிய எழுத்தில் ஒரு பொத்தான் இருந்தது. ஜெனிபர் அதையும் சொல்லிக்கொடுத்திருந்தாள். இத்தனை நாள் அவர் அதைத் தொட்டதில்லை. தொட்டார். ‘ரிஸ்வானா, பத்து அ, முதல் பாகத்தை விரும்பிப் படித்ததால்’ என்றது. பின்னோக்கிப் போனார். காதல் கதைக்குக் காரணமாக, ஜன்னலோரம் உட்கார்ந்து இப்போது குசுகுசுத்துக்கொண்டிருந்த மூன்று பெண்களின் பெயர்கள். விமானம் ஓட்டிய பெண்களுக்கும் பேய்க்கதைக்கும் மலை ரயிலுக்கும் வேறு வேறு பிள்ளைகள். ஆகக் கடைசியில், முதன்முதலில் வந்த அந்த மண்ணுயிர்ப் புத்தகத்துக்கு மட்டும், ‘வாசகியின் சொந்த விருப்பம்’ என்று இருந்தது.

அந்த ஒன்றுதான் மித்து. அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவர்கள் இந்த அறையில் இருக்கும் பிள்ளைகள். வசந்தாமணி கண்டித்தது அவர்களை, காத்திருந்ததும் அவர்களுக்காக. அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். ரிஸ்வானா உட்காரவில்லை. கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தாள்.

முன்னுரிமையை மாற்றும் இடத்தைத் தொட்டார். திரை கேட்டது: ‘விட்டுக்கொடுக்க வாசகியின் சம்மதம் தேவை. கேட்டீர்களா?’

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கேட்டுச் சொல்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லியாகிவிட்டது, கேட்கத்தான் வேண்டும். கண்ணை மூடினால் ஏழாம் வகுப்புச் சீருடையில், ரெட்டைச் சடையோடு வந்து நின்றாள். அவளுக்கு இந்தப் புத்தகத்தைத் தெரியாது. இன்னும் கொஞ்சம் வளர்த்துப் பார்த்தார். தோள்வரைக்கும் வளர்ந்தாள்; அதற்குமேல் அவரால் முடியவில்லை. கண்ணைத் திறந்து ரிஸ்வானாவின் உயரத்தை அளவு எடுத்துக்கொண்டு மறுபடி மூடினார். அந்த உயரத்தில் ஒருத்தி நின்றாள். முகம் தெரியவில்லை. அவளிடம் கேட்டார்.

பிறகு ‘சம்மதம்’ என்பதைத் தொட்டார்.

“குடுத்துட்டாளா சார்?” என்றாள் ரிஸ்வானா.

“குடுத்துட்டா.”

“நான் சொன்னனில்ல,” என்று தோழியிடம் திரும்பிச் சொல்லிவிட்டு, புத்தகத்தை வாங்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே பிரித்தாள்.

வீட்டு வாசலில் வசந்தாமணி நின்றுகொண்டிருந்தாள். காற்றில் அவள் சேலைத் தலைப்பு கேட்டின் கம்பியில் சுற்றிக்கொண்டிருந்தது. அதைக்கூட அவள் விடுவித்துக்கொள்ளவில்லை.

“ரெண்டாம் பாகம் வந்துதுங்களா?”

“வந்துது.”

“குடுங்க.”

“பல்லடத்துல இருந்து ஒரு பொண்ணு புதுசா வந்திருக்குது. ரொம்ப ஆசையாக் கேட்டுது.” ஸ்கூட்டரை நிறுத்தும் சாக்கில் அவர் குனிந்துகொண்டார். “மித்து குடுத்துட்டா.”

“மித்துவா?” வசந்தாமணிக்கு நம்பிக்கை வரவில்லை. “சீவுன பென்சிலைக் கேட்டாக்கூட ஒளிச்சு வெச்சுக்குவாளே அவ.”

அவர் தலைப்பைக் கம்பியிலிருந்து மெல்ல எடுத்துவிட்டார். அவள் தெருவைப் பார்த்தாள்.

“வளந்துட்டாளாட்ட இருக்குதுங்க,” என்றாள்.